கையின் எடை

ஜூலை 9, 2024, செவ்வாய்

இன்றும் தொண்டை போய்விட்டது. "தளர விடுங்க, தளர விடுங்க" என்று கத்திக் கத்தியே போனது. இதைவிடக் கேவலம் உண்டா? கையைத் தளர்த்தச் சொல்லிக்கொடுக்கிறவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். எதிரே ஏழு பிள்ளைகள் பயந்துபோய் இன்னும் விறைத்துக்கொள்கின்றன.

பியானோவில் மூன்றாம் கிரேடுக்கு வந்தால் எல்லாருக்கும் வருகிற கோளாறுதான். முதல் இரண்டு கிரேடும் விரலை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம். மூன்றில் பாட்டு வேகமெடுக்கும், கை இடம் மாற வேண்டும், உடனே தோள் காதுவரை ஏறிவிடும், மணிக்கட்டு மரக்கட்டை ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு வகுப்பையும் ஒரே சோதனையில்தான் தொடங்குகிறேன். பிள்ளையின் முன்கையை என் கையில் தாங்கி, மேலே தூக்கி, சொல்லாமல் விட்டுவிடுவேன். அது மடியில் தொப்பென்று விழ வேண்டும். இன்று ஆறு கைகள் அந்தரத்தில் நின்றன. விஷ்ணுப்ரியாவின் கை நின்றதோடு இல்லாமல் இன்னும் கொஞ்சம் மேலே வேறு போனது.

மணிபாரதியின் கைதான் விழுந்தது. எட்டாம் வகுப்பு, பூவம் கிராமத்துப் பெண். வீட்டில் பியானோவும் இல்லை, கீபோர்டும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் இசை அறைக்கு வந்து வாசித்துவிட்டு ஓடும். நனைந்த துணி மாதிரி விழுந்தது அந்தக் கை. ஆசைக்காக இன்னொரு தடவை தூக்கிப் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் கடைசியில் தேர்வு. இது டிஸ்டிங்ஷன் வாங்கும். வாங்காவிட்டால் நான் இந்த வேலையைத் தலைமுழுகிவிட்டு அப்பாவோடு களை பறிக்கப் போய்விடுகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

நாலரை மணிக்கு எங்கள் பி.டி. மாஸ்டர் கைலாசநாதன் இசை அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "டீச்சர், இந்த வயசுல நானும் கத்துக்கலாங்களா?"

மகளுக்கு வாங்கிய கீபோர்டாம். மகள் கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டாள். பீரோ மேல் கிடந்ததை இறக்கிவைத்து, போனில் வீடியோ பார்த்து இரண்டு வருஷமாகத் தானே கற்றிருக்கிறார். வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் கிரேடைத் தாண்டிவிட்டார், ஆச்சரியம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டையையும் ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கிறார். "பத்து நிமிஷம் வாசிச்சா வலது தோள்பட்டை பிடிச்சுக்குதுங்க" என்றார்.

"அது வாசிச்ச வலி இல்ல சார், வெளாசுன வலி" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே. அவர் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கே தெரியும், ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் அவருடைய பிரம்பு தொங்குகிறது. லேட்டாக வந்தால் இரண்டு, முடி வெட்டாவிட்டால் மூன்று, மார்க் குறைந்தால் குறைந்த மார்க்குக்கு ஒன்று. மாணவர்களை அடிக்கக் கூடாது என்று வந்த சுற்றறிக்கையை அதே கதவில்தான் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் சரி என்றேன்? சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு மாணவர் கிடைப்பாரே என்ற ஆசை. இன்னொன்றும் உண்டு, எழுத வெட்கமாக இருக்கிறது. கை இளகினால் ஆளும் இளகிவிடுவான் என்று நினைத்தேன். சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற திமிர் இது.

ஜூலை 20, சனி

அவருடைய முன்கையைத் தூக்கினேன். விட்டேன். உலக்கை மாதிரி நின்றது. "விடுங்க சார்." "விட்டுட்டேன் டீச்சர்." "எங்க விட்டீங்க? நிக்குதே!" "எப்படி விடறதுன்னே தெரியலைங்க." ஐம்பது வயது மனிதர், என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதும் பாவமாகிவிட்டது.

ஒரு மணி நேரம் கட்டையைத் தொடவே விடவில்லை. தோளைத் தூக்கி மூச்சோடு சேர்த்துக் கீழே போடச் சொன்னேன். கையை நீங்கள் அடிக்காதீர்கள், அது தானாக விழட்டும், அதற்கு எடை இருக்கிறது என்றேன். விழுந்த பிறகு அழுத்தாதீர்கள், சத்தம் வந்தாயிற்று, அதற்குமேல் அழுத்துவது வீண், உடனே விட்டுவிடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். என் மாணவர்களில் ஒருத்தராவது எழுதிக்கொண்டது உண்டா?

ஆகஸ்ட் 3, சனி

விழுந்துவிட்டது! பி.டி. சார் கை விழுந்துவிட்டது. மடியில் விழுந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கிவிட்டது. தோள் வலி நாலு நாளாக இல்லையாம், வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறாராம். கருக்களாச்சேரியிலிருந்து ஒரு பை இறால் வாங்கிவந்து கொடுத்தார். உரித்துக்கொண்டே பாடினேன். இந்த வருஷம் நான் செய்த நல்ல காரியம் இதுதான்.

ஆகஸ்ட் 14, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நாளைக்கு சுதந்திர தின அணிவகுப்பு. மைதானத்தில் ஒத்திகை. இசை அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புக் கால் வைத்தவர்களை வரிசையில் நிறுத்தி பி.டி. சார் பிரம்பை எடுத்தார். வழக்கம்தானே என்று திரும்பப் போனவள் நின்றுவிட்டேன்.

தோள் கீழே இருந்தது. முழங்கை தொங்கியது. மூச்சை வெளியே விட்டபடி கையை விழவிட்டார், மணிக்கட்டு கடைசியில் வந்தது. விழுந்ததும் விட்டுவிட்டார், அழுத்தவில்லை. ஒவ்வொன்றும் நான் சொல்லிக்கொடுத்தது. என் பாடம். அப்படியே, ஒரு பிழை இல்லாமல்.

சத்தமே வேறு. முன்பெல்லாம் பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு வாங்கிவிட்டு, உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு இளித்தபடி போவார்கள். இன்று ஒரே அடியில் ஒருவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. முப்பது பேர். எண்ணினேன்.

ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே எல்லார் எதிரிலும் சொன்னார்: "நம்ம சுந்தரி டீச்சருக்குத்தாங்க நன்றி சொல்லணும். கைய தொங்க விட்டு விட்டேன் பாருங்க, பிரம்பு தானா விழுது. முப்பது பேருக்குக் குடுத்தேன், தோள்ல ஒரு வலி இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நான்? நானும் பல்லைக் காட்டினேன். அட பாவி. அட பாவி. ஊருக்கெல்லாம் கத்துகிற வாய் அந்த நேரத்தில் எங்கே போச்சு?

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சாக்கடையில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மணிபாரதி வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தது. பூவத்திலிருந்து வருகிற பஸ் பத்து நிமிஷம் லேட். பஸ் லேட்டானதற்குப் பிள்ளைக்கு இரண்டு அடி. உள்ளங்கையில் குறுக்கே இரண்டு வரி, ஊதா நிறத்தில். விரல் கணுக்கள் வீங்கி மோதிரம் போட்ட மாதிரி இருந்தன.

வாசிக்க வேண்டாம் என்றேன். சும்மா முன்கையைத் தாங்கித் தூக்கினேன். விட்டேன். நின்றது.

மறுபடி தூக்கினேன், விட்டேன். நின்றது. "விடுடி." "விட்டுட்டேன் மிஸ்." பொய் சொல்லவில்லை அது, விட்டுவிட்டதாகத்தான் நினைக்கிறது. அந்தரத்தில் கை நிற்கிறது, அதற்குத் தெரியவே இல்லை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. மைதானத்தின் நடுவில் போய் நின்று, பி.டி. சாரை யோவ் என்றே கூப்பிட்டேன். அவர் பதறாமல் பேசினார். "அவங்கம்மாவே சொல்லிருக்காங்க டீச்சர், சேக்கும்போது. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சாருன்னு. நான் என்ன சொந்த விரோதத்துலயா அடிக்கிறேன்?" பிறகு, "நீங்க மட்டும் கத்தலைங்களா? உங்க சத்தம் கிரவுண்டு வரைக்கும் கேக்குது. புள்ளைங்க அதுக்குந்தான் நடுங்குது" என்றார்.

காலடியில் கிடந்த கூடைப்பந்தை உதைத்தேன், அது போய்க் கொடிக்கம்பத்தில் மோதியது. சனிக்கிழமை வகுப்பு உண்டா டீச்சர் என்று கேட்டார். அந்த ஆளுக்கு நிஜமாகவே எதுவும் புரியவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

பூவத்துக்குப் போனேன். மணிபாரதியின் அம்மா காசியம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணவன் இல்லை, கூலி வேலை, ஒரே பெண். புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாங்க டீச்சர். பாதி பீசுக்குப் படிக்குது. வெளிய போன்னு அனுப்பிட்டாங்கன்னா நான் அத எங்க கொண்டு சேப்பேன்? ரெண்டு அடிதான, ஆறிடும்."

"ஆறாது! விரல் போயிடும். உங்க பொண்ணு கை தங்கம், தெரியுமா உங்களுக்கு? தோல உரிங்கன்னு எந்த வாயால சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"எல்லாரும் சொல்றதுதானங்க" என்றாள். அவ்வளவுதான். காபி போடட்டுமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பேனரைக் காட்டினார். "கைலாசநாதன் இல்லன்னா இது இல்ல டீச்சர். அதுவும் உங்ககிட்ட பியானோ கத்துக்கறாராமே? நல்ல விஷயம்."

ஆகஸ்ட் 31, சனி

முடிவு செய்துவிட்டேன். இது நாட்குறிப்பு, இங்கே எனக்கு நானே நல்லவள் வேஷம் போட வேண்டியதில்லை. அந்த ஆளின் கையை நான் கெடுக்கப் போகிறேன்.

எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும். என் கை கெட்டிருக்கிறது. பத்தொன்பது வயதில், சென்னையில், ஒரு வாத்தியார் ஆக்டேவ் பயிற்சி கொடுத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் எட்டுக் கட்டை அகலத்தில் ஒரே சமயத்தில் விழ வேண்டும். மணிக்கட்டைப் பூட்டு, விழுந்ததும் விடாதே, அழுத்து, வலித்தால் நல்லது என்றார். மூன்று மாதத்தில் எனக்குத் தோசை திருப்ப முடியவில்லை, ஒன்பது மாதம் தலை வாரிவிட்டது அம்மாதான். கச்சேரி மேடைக்குப் போக வேண்டியவள் அதோடு டீச்சர் ஆனேன். தளர்ந்த கையைத் தவிர வேறு எதையும் சொல்லித்தர மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டதும் அப்போதுதான்.

இன்று அந்த ஆக்டேவ் பயிற்சியை எடுத்துப் பி.டி. சார் முன்னால் வைத்தேன். "இதுவரைக்கும் படிச்சது அடிப்படை சார். இனிமே பலம் வேணும். மணிக்கட்ட இறுக்குங்க. தோள ஏத்துங்க. விடாதீங்க, அழுத்துங்க." நோட்டில் எழுதிக்கொண்டார்.

"முன்ன விடச் சொன்னீங்களே டீச்சர்?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

"வலிக்குதுங்க டீச்சர்." "வலிக்கட்டும் சார், சரியாப் போகுதுன்னு அர்த்தம்." தினம் இரண்டு மணி நேரம் செய்கிறாராம். இப்படி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததே இல்லை.

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாக இருந்தது.

செப்டம்பர் 21, சனி

இடது கையால் சட்டைப் பொத்தான் போடுகிறார். ஸ்டாஃப் ரூமில் டம்ளர் கை நழுவி விழுந்தது. நான் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். "வயசாயிடுச்சு டீச்சர்" என்றார். ஒரு கணம் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. மணிபாரதியின் கணுக்களை நினைத்துக்கொண்டேன். பயிற்சியின் வேகத்தைக் கூட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 28, சனி

பிரம்பைத் தொட்டுப் பத்து நாள் ஆகிறது என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். ஜெயித்துவிட்டேன். மணிபாரதியின் கை இன்று பாதிவரை விழுந்தது.

அக்டோபர் 3, வியாழன்

காலாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்த நாள். மார்க்குக்கு ஒன்று. தாளாளர் நேரில் கேட்டாராம், என்ன கைலாசநாதன், பசங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சே என்று. அதனால் வலியோடு வலியாகப் பிரம்பை எடுத்திருக்கிறார்.

மணிபாரதிக்குக் கணக்கில் மூன்று மார்க் குறைவு.

விஷ்ணுப்ரியா ஓடிவந்து சொன்னாள், நான் போனபோது தரையில் உட்கார்ந்திருந்தது அந்தப் பிள்ளை. உள்ளங்கைக்குத்தான் குறி வைத்தாராம். கை சொன்ன இடத்துக்குப் போகவில்லை. பிரம்பு திரும்பி, நீட்டிய விரல்களின் மேல் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும். சத்தம் கேட்டதாம், குச்சி முறிகிற மாதிரி. பிரம்பு முறியவில்லை.

இறுகின கை தப்பான கட்டையில விழும். தினம் பத்துத் தடவை கத்தறேனே இத. பிள்ளைங்க காது கிழியக் கத்தறேனே. எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா இது? கையக் கெடுத்தா ஆளு சும்மா இருப்பான்னு நெனச்சியாடி, முண்டம். வலிக்கிற கைய வச்சிக்கிட்டும் அடிப்பான்னு ஏன் தோணல ஒனக்கு?

முறித்தது நான்தான்.

அக்டோபர் 4, வெள்ளி

இரண்டு விரலிலும் கம்பி வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. தாளாளர் சொல்லச் சொன்னார், காசியம்மா சொன்னாள். பீஸ் முழுவதும் இனி வேண்டாமாம்.

மணிபாரதி என்னைப் பார்த்து, "தேர்வுக்குள்ள சரியாயிடுமா மிஸ்?" என்று கேட்டது. ஆகும் என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோட்டுச்சேரியில் என் மாடிவீட்டுக்குப் பி.டி. சாரே வந்தார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார். "என் கை நான் சொன்ன எடத்துக்குப் போகல டீச்சர். அது என் கையே இல்ல."

"இல்லதான். அது நான் பண்ணின கை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அணிவகுப்பு அன்று பார்த்தது, ஆக்டேவ் பயிற்சி ஏன் கொடுத்தேன், வலிக்கட்டும் என்று ஏன் சொன்னேன், எல்லாம். முதலில் சிரித்தார். பிறகு மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, நான் சொல்லி அவர் எழுதிவைத்ததைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

எழுந்து கையை ஓங்கினார். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். கை நெஞ்சு உயரத்துக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது, அதற்குமேல் ஏறவில்லை. இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார். "நம்பி வந்தேனே. உன்ன நம்பி வந்தேனேடி."

"அந்தப் புள்ளயும் உன்ன நம்பித்தாண்டா கைய நீட்டுச்சு!"

அப்போது நான் அடித்தேன். கன்னத்தில், ஒரே அடி. மூன்று படி கீழே போய் விழுந்தார். என் தோள் கீழே இருந்தது, முழங்கை தொங்கியது, விழுந்ததும் விட்டுவிட்டேன். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட அழகாக விழுந்தது என் கை. அதை நான் கவனித்தேன் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அக்டோபர் 7, திங்கள்

குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தேன். பெயர் சொல்ல விருப்பமா என்று கேட்டார்கள். சொன்னேன், திரிபுரசுந்தரி, இசை ஆசிரியை என்று.

அக்டோபர் 16, புதன்

விசாரணைக்கு வந்த அம்மாள் நல்ல மாதிரி. என் வாக்குமூலத்தை நானே எழுதி நாலு பக்கம் கொடுத்தேன். அணிவகுப்பு, பஸ் லேட், கணக்கு மார்க், பாத்ரூம் பொய் எல்லாவற்றையும் படித்துத் தலையாட்டினார். கடைசிப் பக்கத்தில் நான் செய்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பக்கம் வேண்டாம் மேடம். கேஸ் குழம்பிடும். எதிர்த்தரப்புல இத வச்சே தப்பிச்சிடுவாங்க. பியானோ சொல்லிக்குடுத்ததெல்லாம் ஒரு குத்தமா?"

குற்றம் என்றேன். எந்தப் பிரிவில் போடுவது என்று கேட்டார். அந்தப் பக்கத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். மூன்று பக்கம் சாட்சியாகப் போயிற்று, நாலாவது இந்த நோட்டுக்குள் கிடக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

பி.டி. சார் சஸ்பெண்ட், வழக்கும் பதிவாகியிருக்கிறது. என்னையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பள்ளியின் பெயரைக் கெடுத்தேனாம்.

நவம்பர் 9, சனி

கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பூவத்துக்குப் போனேன். சம்பா வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள் காசியம்மா. வரப்புக்கு வரச் சொன்னேன். விரல் இரண்டும் மடங்கவில்லை, கோல் மாதிரி நிற்கிறது என்றாள். சார் கைதவறி அடித்துவிட்டார், என்ன செய்ய, நம்ம நேரம் என்றாள்.

கைதவறவில்லை என்று சொன்னேன். விசாரணைக்கு வந்த அம்மாள் மடித்துக் கொடுத்த பக்கத்தில் இருந்ததை, அவளுக்குப் புரிகிற மாதிரி, நின்ற இடத்திலேயே சொன்னேன். அவள் பாதியில் குறுக்கிடவில்லை. முடித்ததும், "அப்ப அந்தாளோட சண்டைக்கு என் புள்ள கையா கெடச்சுது ஒனக்கு?" என்று கேட்டாள்.

அறைந்தாள். சேற்றுக் கையோடு. காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது. மறு கன்னத்திலும் அறைந்தாள். மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தியும் வரவில்லை. மூன்றாவதற்கு ஓங்கியவள் நிறுத்திக்கொண்டு, வாய்க்காலைக் காட்டினாள்.

"மூஞ்சியக் கழுவிக்கிட்டுப் போ. பஸ்ஸுல பாத்தா என்னன்னு கேப்பாங்க."

கழுவிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

தேர்வு. ஆறு பேர் போனார்கள்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

காலையில் கீழே இரும்புக் கதவு திறக்கிற சத்தம். காசியம்மாவும் மணிபாரதியும். நான் மாடிப்படியில் நின்றேன், கூப்பிடத் தைரியம் வரவில்லை.

"வெரல அசைச்சிக்கிட்டே இருக்கணும், எதையாச்சும் அமுக்கச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் காசியம்மா. "ஒங்கிட்டதான் பியானோப் பொட்டி இருக்கு. அதுவும் இங்கதான் வரணுங்குது. ஒரு மணி நேரம். நான் கீழயே நிக்கிறேன். சத்தம் கேட்டுச்சுன்னா மேல வருவேன்."

மணிபாரதி வளர்ந்திருந்தது. பியானோ முன்னால் உட்கார்ந்து வலது கையைக் கட்டைமேல் வைத்தது. மூன்று விரல் வளைந்தன, இரண்டு நீட்டிக்கொண்டு நின்றன. மோதிர விரலை ஒரு கட்டையின் மேல் வைத்து, மெதுவாக அழுத்தச் சொன்னேன். கத்தாமல் சொன்னேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை. லேசாக வந்தது. இப்படி இருபது நிமிஷம் போயிற்று. நெற்றி வியர்த்துவிட்டது அதற்கு, எனக்கும்.

பிறகு கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டது: "அம்மா சொன்னது நெசமா மிஸ்? சார் கைய நீங்கதான் கெடுத்தீங்களா?"

"நெசந்தான்."

"அவருக்குத் தெரியாமயா?"

"தெரியாமத்தான். பாடம்னு சொல்லிக் கெடுத்தேன். அது உன் கையில வந்து முடிஞ்சுது. என் தப்பு மணி. அவரு தப்பு பாதி, என் தப்பு பாதி."

"இப்ப எப்படி இருக்கு அவருக்கு?"

கேள்விப்பட்டதைச் சொன்னேன். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லையாம், சட்டை மாட்டிவிடுவது அவர் மனைவிதானாம், ராத்திரியில் வலி தாங்காமல் உட்கார்ந்தே தூங்குகிறாராம். சொல்லிவிட்டு அழுமோ என்று பார்த்தேன். என் முகத்தில் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அழவில்லை. அந்த இரண்டு விரல்களையும் இடது கையால் பிடித்து மடக்கப் பார்த்தது. முகத்தில் கோபமும் இல்லை. தண்ணீர் கேட்கிற குரலில், "எத்தன நாள்ல கெட்டுது?" என்றது.

"அஞ்சு வாரம்."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அத எனக்கும் சொல்லிக்குடுங்க மிஸ்" என்றது.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதன் கண்ணைப் பார்த்தால் கேட்கத் தேவையில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை.

பியானோவை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். காசியம்மா மாடிப்படி நிழலில் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு இவ்வளவு போதும், அடுத்த ஞாயிறு நீங்களும் மேலே வந்து கூடவே உட்காருங்கள் என்றேன்.

"நான் எதுக்குங்க? எனக்கு என்னா தெரியும் அதுல?"

"பரவாயில்ல, வாங்க. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு" என்றேன்.